டிபன் பாக்ஸ் பறந்தது: ஆங்கிலத்தில் எந்த வினைச்சொல்லைப் போடுவது?

"நல்லாத்தான் உக்காந்திருந்தாருங்க. திடீர்னு வந்துச்சு பாருங்க கோபம்! டிபன் பாக்ஸைத் தூக்கி அப்படியே செவுத்துல அடிச்சுட்டாரு."

கேன்டீனில் பரிமாறும் அக்கா கொடுத்த வாக்குமூலம் இது. இடம் கோவைப் பக்கம் ஒரு தொழிற்சாலை. இருபத்தெட்டு வருஷம் அங்கே வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர், மதியச் சாப்பாட்டு நேரத்தில், எதிரே உட்கார்ந்திருந்த ட்ரெய்னிப் பையனைப் பார்த்துக் கத்திவிட்டு, கையிலிருந்த எவர்சில்வர் டப்பாவைச் சுவரில் எறிந்துவிட்டார். யாருக்கும் அடியில்லை. சாம்பார் சாதம் வெள்ளை டைல்ஸில் ஒட்டி மெதுவாக வழிந்தது. மூடி மட்டும் தனியே உருண்டுபோய்க் கை கழுவும் தொட்டிக்கு அடியில் நின்றது. மூன்று பேர் வாக்குமூலம் கொடுத்திருந்தார்கள். அவற்றை ஆங்கிலமாக்கி, மேலே ஒரு பத்திச் சுருக்கமும் எழுதித் தருவது என் வேலை. தலைமை அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர் கிடையாது. அவர்கள் ஊன்றிப் படிக்கப்போவது என் சுருக்கத்தின் முதல் வரியைத்தான். அந்த வரியில் ஒரு வினைச்சொல் வேண்டும்.

ஆங்கிலத்தில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. ஸ்னாப், எக்ஸ்ப்ளோட், இரப்ட், ப்ளோ அப், லாஷ் அவுட், லூஸ் இட், ஃப்ளை ஆஃப் த ஹேண்டில், ஹிட் த ரூஃப், கோ பெர்செர்க், ரன் அமோக் என்று ஒரு பக்கம் நிறைய எழுதலாம். பயிற்சி வகுப்புகளில் இவற்றைக் கோபத்தின் அளவை வைத்து, சின்னதிலிருந்து பெரியதாக, ஏணிப்படி மாதிரி அடுக்கித் தருவார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். வேலைக்கு வந்த பிறகு அந்த ஏணி எனக்கு உதவவே இல்லை. ஏனென்றால் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும், கோபம் வருவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒரு குட்டிக் கதையை மடியில் கட்டிக்கொண்டு வருகிறது. அந்தக் கதையில் தப்பு யார் பக்கம் என்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது. சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது தீர்ப்பையும் பாதி எழுதிவிடுகிறோம்.

தமிழில் இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு. தமிழில் கோபம் 'வரும்'. காய்ச்சல் வருகிற மாதிரி, சாமி வருகிற மாதிரி, வெளியிலிருந்து வந்து ஆளைப் பிடித்துக்கொள்ளும். 'அவருக்குக் கோபம் வந்தது' என்ற வாக்கியத்தில் எழுவாய் கோபம்தான். மனுஷர் நான்காம் வேற்றுமை உருபைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறார். 'வந்துச்சு பாருங்க கோபம்' என்று அக்கா சொல்லும்போது, ஃபிட்டருக்கு என்ன நேர்ந்தது என்பதை வேடிக்கை பார்த்தவராகச் சொல்கிறார். ஆங்கிலத்துக்குப் போனால் இந்த வசதி போய்விடும். அங்கே மேலே சொன்ன எந்த வினையை எடுத்தாலும் 'அவர்' முன்னுக்கு வந்து எழுவாயாக உட்கார வேண்டும். அவர் வெடித்தார், அவர் முறிந்தார், அவர் இழந்தார்.

இன்னொரு தொல்லை, தமிழுக்குள்ளேயே புழங்கும் ஆங்கிலம். இரண்டாவது சாட்சி ஷிஃப்ட் சூப்பர்வைசர். அவர் எழுதியிருந்தது ஒரே வரி: 'பேசிக்கொண்டிருக்கும்போதே டென்ஷன் ஆகிவிட்டார்.' நம் ஊரில் டென்ஷன் ஆவது என்றால் கோபப்படுவதுதான். 'டென்ஷன் ஆகாதீங்க சார்' என்று யாராவது சொன்னால், ஆள் கத்த ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். அதே சொல்லை ஆங்கிலத்துக்குத் திருப்பி அனுப்பினால், படிப்பவருக்குப் பரீட்சைக்குப் போகும் பையன் மாதிரி நகம் கடித்துக்கொண்டிருக்கும் ஒருவர்தான் கண்ணில் தெரிவார். 'ஃபயர்' இன்னும் ஆபத்து. 'மேனேஜர் என்னை ஃபயர் பண்ணிட்டாரு' என்று இங்கே ஒருவர் புலம்பினால், நன்றாகத் திட்டு வாங்கியிருக்கிறார். அமெரிக்கக்காரர் காதில் அது வேலை போன செய்தி. இந்த மாதிரிச் சொற்களைப் பார்த்தால் அப்படியே எடுத்துப் போடாமல், ஒரு தடவை தமிழாக்கிவிட்டுத்தான் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

முதலில் என் கை போனது 'ஸ்னாப்' பக்கம். சின்னச் சொல், பளிச்சென்று இருக்கும், நாவல்களிலும் செய்திகளிலும் தினமும் கண்ணில் படும். ஆனால் அதற்கு இரண்டு முகம். டச்சு, ஜெர்மன் பக்கமிருந்து வந்தபோது அதற்குப் பொருள் வெடுக்கென்று கவ்வுவது, கடிப்பது. அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. பின்னால் 'அட்' சேர்த்து, இன்னார் மேல் ஸ்னாப் செய்தார் என்றால், எரிச்சலோடு வெடுக்கென்று ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். நாம் 'வள்ளென்று விழுந்தார்' என்கிறோமே, அது. இரண்டு மொழியிலும் நாய்தான் வந்து நிற்கிறது. நிமிஷத்தில் மறந்துபோகிற கோபம்.

'அட்' இல்லாமல் வெறுமனே 'அவர் ஸ்னாப் ஆனார்' என்று எழுதினால் நாய் போய்விடும், சுள்ளி வந்துவிடும். வளைத்து வளைத்து, ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காமல் படக்கென்று முறிவது. இந்தப் பொருளில் கோபத்தைவிட அதற்கு முன்னால் இருந்த வளைப்புக்குத்தான் கனம் அதிகம். யாரோ அவரை வளைத்திருக்கிறார்கள், ரொம்ப நாளாக. ஆகவே இருக்கிற சொற்களிலேயே குற்றம் செய்தவர் மேல் அதிகக் கரிசனம் உள்ள சொல் இதுதான். அதனால்தான் மனைவியைக் கொன்றவனைப் பற்றிய செய்தியில் இந்தச் சொல்லைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருஷக்கணக்காக அடித்துக்கொண்டிருந்த ஆள் கடைசியில் கொலையும் செய்தால், அங்கே முறிந்தது எது? அவன் வளைக்கப்படவே இல்லையே. அந்த ஒரு சொல் போதும், செத்தவளை வளைத்தவளாக்க.

சட்டமும் இந்தச் சுள்ளியோடு ரொம்ப நாள் மல்லுக்கட்டியிருக்கிறது. இங்கிலாந்தில் 1949-இல் ஒரு வழக்கில் நீதிபதி சொன்ன வரையறை பல பத்தாண்டுகள் நின்றது: தூண்டுதலால் கொன்றேன் என்று வாதாட வேண்டுமானால், தன்னடக்கம் திடீரென்றும் தற்காலிகமாகவும் போயிருக்க வேண்டும். 'திடீரென்று' என்ற சொல் யாருக்குச் சாதகம் என்று யோசித்துப் பாருங்கள். கை ஓங்கினால் அந்த நொடியே அடிக்கக்கூடிய பலம் இருப்பவனுக்கு. பத்து வருஷம் அடி வாங்கி, புருஷன் தூங்கும்வரை காத்திருந்தவளுக்கு அது பொருந்தாது. கிரண்ஜித் அலுவாலியாவின் வழக்கு அப்படிப்பட்டதுதான். 1992-இல் அவர் மேலான கொலைக் குற்றத் தீர்ப்பு மேல்முறையீட்டில் ரத்தானது. ஆனால் ரத்தானது மனநிலை பாதிப்பைக் காரணம் காட்டித்தான். 'திடீர்' என்ற நிபந்தனை அப்போது அசையவில்லை. 2009-இல் வந்த சட்டம்தான், தன்னடக்கம் இழந்தது திடீரென்று இருக்க வேண்டியதில்லை என்று சொன்னது.

நம் நாட்டுச் சட்டத்திலும் 'கடுமையான, திடீர்த் தூண்டுதல்' என்ற தொடர் 1860-இலிருந்து இருக்கிறது. அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நியாய சன்ஹிதாவிலும் அது போகவில்லை. மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதி வழக்கில் 1961-இல் உச்ச நீதிமன்றம் இதை வைத்துத்தான் அவரது வாதத்தைத் தள்ளியது. மனைவி அந்த உறவைச் சொன்னதற்கும் துப்பாக்கி வெடித்ததற்கும் நடுவே அவர் குடும்பத்தை சினிமாவுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார், கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கியிருக்கிறார். ஆறுவதற்கு அவகாசம் இருந்தது என்றது நீதிமன்றம். மறுபக்கம், 1989-இல் சென்னை உயர் நீதிமன்றம், பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த ஒரு தாயின் வழக்கில், நெடுநாள் தொடர்ந்து வந்த தூண்டுதலையும் கணக்கில் எடுக்கலாம் என்றது. அதற்கு நல்லதங்காள் பெயரையே வைத்து 'நல்லதங்காள் சிண்ட்ரோம்' என்றார்கள். ஆங்கிலச் சட்டப் புத்தகத்தில் கிடைக்காத ஒன்றுக்கு அம்மானைப் பாட்டிலிருந்து பெயர் எடுத்திருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

ஃபிட்டர் விஷயத்தில் வளைப்பு இருந்ததா? மூன்றாவது சாட்சி அதைத்தான் சொன்னார். ஃபிட்டருடைய மகளின் நிச்சயதார்த்தம் நின்றுபோயிருக்கிறது. அது தெரிந்தோ தெரியாமலோ அந்தப் பையன் தினமும் சாப்பாட்டு மேஜையில் "கல்யாணச் சாப்பாடு எப்பங்ணா?" என்று கேட்டிருக்கிறான். பத்து நாள். "பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாருங்க, அன்னிக்குப் பொறுக்க முடியல" என்று வாக்குமூலம். அப்படியானால் ஸ்னாப் பொருந்துகிறதே என்று தோன்றும். ஆனால் பத்து நாள் கதை ஒரு சாட்சியிடம் மட்டும் இருக்கிறது. அக்கா 'நல்லாத்தான் உக்காந்திருந்தாரு' என்கிறார். நான் முதல் வரியில் ஸ்னாப் போட்டால், ஒரு சாட்சியை நம்பி மற்ற இரண்டு பேரை நான் தள்ளிவிட்டேன் என்று ஆகும். விசாரணை அதிகாரி செய்ய வேண்டிய வேலை அது. தள்ளி வைத்தேன், மனசில்லாமல்தான்.

அடுத்து வெடிக்கிற கூட்டம். 'எக்ஸ்ப்ளோட்' என்றதும் பாறைக்கு வைக்கிற வெடிதான் நமக்கு நினைவுக்கு வரும். அதன் லத்தீன் மூலம் நாடகக் கொட்டகையைச் சேர்ந்தது. மோசமாக நடிக்கிறவனைக் கைதட்டி, சத்தம் போட்டு மேடையைவிட்டு விரட்டுவதுதான் முதல் பொருள். கைதட்டல் என்று பொருள்படும் 'அப்ளாஸ்' அதே வேரில் பிறந்த தங்கை. ஒரு கொள்கை பொய்யென்று அம்பலமானால் அது எக்ஸ்ப்ளோட் ஆகிவிட்டது என்று ஆங்கிலத்தில் இன்றும் சொல்வது அந்தப் பழைய பொருளின் மிச்சம். ஆக, இந்தச் சொல்லுக்குள் முதலிலிருந்தே இருப்பது சத்தம். இன்றும் ஒருவர் எக்ஸ்ப்ளோட் ஆனார் என்றால் கத்தினார் என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். கை நீட்டினார் என்று சொல்ல வேறு வாக்கியம் வேண்டும். தமிழில் 'பொரிந்து தள்ளினார்' என்பதற்கு நான் இதைத்தான் போடுவேன். கடுகு பொரிவதும் வெடிப்புதானே.

ஆனால் தொழிற்சாலை அறிக்கையில் இது ஒரு விபரீதச் சொல். கம்ப்ரஸர், கேஸ் சிலிண்டர் எல்லாம் இருக்கிற இடத்திலிருந்து போகிற காகிதத்தில் 'மதியம் 1.10-க்குக் கேன்டீனில் எக்ஸ்ப்ளோட்' என்று கண்ணில் பட்டால், வாக்கியம் முடிவதற்குள் பாதுகாப்பு அதிகாரிக்கு போன் போய்விடும். 'ப்ளோ அப்' அதைவிட மோசம். கதைக்கு நல்லது, இங்கே வேண்டாம்.

'இரப்ட்' பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. எரிமலைக்கான சொல் என்பது எல்லோருக்கும் தெரியும். உடைத்துக்கொண்டு வெளியே வருவது என்று லத்தீன். மனிதரும் இரப்ட் ஆகலாம். ஆனால் அதன் உண்மையான உபயோகம் மனிதரே இல்லாத வாக்கியத்தில்தான். சண்டை இரப்ட் ஆனது, வன்முறை இரப்ட் ஆனது, வாக்குவாதம் இரப்ட் ஆனது. தமிழ்ப் பத்திரிகையும் இதே வித்தையைத் தெரிந்து வைத்திருக்கிறது: 'கலவரம் வெடித்தது', 'மோதல் மூண்டது'. தீ மூளுகிற மாதிரி தானாக மூண்டுவிட்டது, பற்றவைத்த கை எதுவும் படத்தில் இல்லை. வீடுகளுக்குத் தீ வைத்தவர்கள் பெயரும் ஊரும் தெரிந்திருக்கும்போதுகூட 'கலவரம் வெடித்தது' என்று எழுதிக் கைகழுவிவிடலாம். ஹெச்.ஆர். ஆட்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். 'இரு ஊழியர்களுக்கிடையே வாக்குவாதம் இரப்ட் ஆனது' என்று போடச் சொல்லி எனக்கே ஒரு யோசனை வந்தது. நடுநிலையாகத் தெரிகிறது இல்லையா? ஆனால் அந்தப் பையன் ஃபிட்டரோடு வாக்குவாதமே செய்யவில்லை. கேட்டான், சிரித்தான், டப்பா பறந்தது. இல்லாத வாக்குவாதத்தை நடுநிலைக்காக நான் உண்டாக்க முடியாது.

'லாஷ் அவுட்' என்பதற்கு எப்போதும் ஓர் இலக்கு உண்டு. குதிரை பின்னங்காலால் விசிறி உதைப்பதற்கு நானூறு வருஷத்துக்கு முன்பே இந்தச் சொல்லைப் புழங்கியிருக்கிறார்கள். உதை எங்கே படும் என்று குதிரைக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் கவலை. மனிதருக்குச் சொல்லும்போதும் அதே சாயல்: தனக்கு வலிக்கிறது, அதனால் கைக்கெட்டியவர் மேல் பாய்கிறார். வலி யாரால் வந்தது என்பது வேறு. வீட்டுக் கோபத்தை ஆபீசில் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் இல்லை.

சிக்கல் என்னவென்றால், வாயால் லாஷ் அவுட் செய்தாரா, கையாலா என்று அந்தச் சொல் சொல்லாது. நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைத் தலைப்புகளில் எதிர்க்கட்சித் தலைவர்கள் தினமும் அரசை லாஷ் அவுட் செய்கிறார்கள். தமிழில் அதைத்தான் 'சாடினார்', 'விளாசினார்' என்று போடுகிறோம். அதைப் படித்துப் பழகிய இந்தியருக்கு அது வெறும் பேச்சு. பள்ளிக்கூடம், மருத்துவமனை, காவல் நிலையம் ஆகியவற்றின் அறிக்கைகளில் அதே சொல்லைப் பார்க்கிற ஆங்கிலேயர் முதலில் கையைத்தான் நினைப்பார். யார் படிப்பார் என்று தெரியாத காகிதத்தில் இதைப் போடவே கூடாது. டப்பா பறந்த திசையில் பையன் இருந்தானா என்பதே இன்னும் தெரியாதபோது, 'ட்ரெய்னி மேல் லாஷ் அவுட்' என்று எழுதினால் அடித்தார் என்றே எழுதின மாதிரி.

கூரையில் முட்டுவது, ஃப்யூஸ் போவது, ஏவுகணை மாதிரிப் போவது எல்லாம் ஒரே குடும்பம். ஹிட் த ரூஃப், ப்ளோ எ ஃப்யூஸ், கோ பாலிஸ்டிக். அவற்றில் கொஞ்சம் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் 'எகிறிக் குதித்தார்', 'சாமியாடிவிட்டார்' மாதிரி. அப்பாவின் காரில் கீறல் விழுந்த கதையைச் சொல்ல வைத்துக்கொள்ளலாம். ஒருவரின் வேலை போகக்கூடிய காகிதத்தில் சிரிப்பு வேண்டாம்.

'ஃப்ளை ஆஃப் த ஹேண்டில்' அந்தக் குடும்பம் மாதிரித் தெரியும், ஆனால் வேறு. கோடாலித் தலை காம்பிலிருந்து கழன்று பறப்பதுதான் படம். வட அமெரிக்காவில் மரம் வெட்டுகிறவர்கள் நடுவே பிறந்து, 1840-களில் அச்சுக்கு வந்துவிட்டது. விறகு வெட்டப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தலை கழல்வதற்குப் பெரிய வெட்டு தேவையில்லை. ஆப்பு தளர்ந்திருந்தால் சும்மா ஓங்கினாலே போதும். அதனால் இந்தத் தொடர், ஒன்றுமில்லாத விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்ற குறையைக் கூடவே கொண்டுவருகிறது. ஸ்னாப்புக்கு நேர் எதிர். அங்கே சுள்ளியை வளைத்தவன் மேல் பழி, இங்கே காம்பு தளர்ந்த கோடாலி மேலேயே பழி. 'கல்யாணச் சாப்பாடு எப்பங்ணா' என்ற கேள்வி ஒன்றுமில்லாத விஷயம் என்று பையன் நினைக்கலாம். ஒரு பெண்ணைப் பெற்றவர் அப்படி நினைப்பாரா?

மிச்சமிருப்பவை கடைசிப் படி: பெர்செர்க், அமோக், போஸ்டல். இங்கே என் பழைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், வேறொரு நிறுவனத்துக்காக இதே மாதிரி ஒரு சம்பவத்தை எழுதினேன். ஒரு லோடுமேன் மேஜையைத் தட்டிக் கத்தி, கணக்கு நோட்டைக் கிழித்துப் போட்டார். 'வெறி பிடித்த மாதிரி நடந்துகொண்டார்' என்று தமிழில் இருந்தது. நான் 'வென்ட் பெர்செர்க்' என்று எழுதி, நல்ல சொல் கிடைத்ததென்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். சஸ்பென்ஷன் ஆர்டரில் அந்தச் சொல் அப்படியே போயிருந்தது. என்கொயரியில் அவர் சார்பாக வந்த யூனியன்காரர் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இங்கே எத்தனை பேர் செத்தார்கள் என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லட்டும்" என்று கேட்டார். என்னால் வாய் திறக்க முடியவில்லை.

அவர் கேட்டது நியாயம். பெர்செர்க் என்பது பழைய நார்ஸ் மொழிச் சொல். கரடித்தோல் சட்டை என்று பெரும்பாலோர் பொருள் சொல்கிறார்கள், கவசமில்லாத வெற்றுச் சட்டை என்பாரும் உண்டு. போர்க்களத்தில் உணர்விழந்து, தன் ஆள் எதிரி ஆள் என்று பாராமல் வெட்டித் தள்ளிய வீரர்களுக்குப் பெயர் அது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. நாம் 'வெறி' என்று ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம், கிரிக்கெட் வெறியன் என்கிற அளவுக்கு. பெர்செர்க்கையும் ஆங்கிலத்தில் பேச்சுவாக்கில் அப்படிச் சொல்வார்கள். ஆனால் காகிதத்தில் ஏறினால் அதற்குப் பழைய கோடாலி திரும்பக் கிடைத்துவிடும். 'வெறி'க்கு அச்சான ஆங்கிலச் சொல் 'ரேஜ்'தான். வெறிநாய்க் கடிக்குச் சொல்லும் ரேபிஸும் ரேஜும் ஒரே லத்தீன் வேர். நம் 'வெறி'யும் நாய்க்கும் மனுஷனுக்கும் பொது. இரண்டு மொழிகள் இப்படி ஒரே இடத்தில் போய் நிற்பது அபூர்வம். என்ன, ரேஜ் வினையாக வரும்போது புயல் மாதிரி நீண்ட நேரம் அடிக்கும். டப்பா பறக்கிற ஒரு நொடிக்கு ஆகாது.

அமோக் மலாய்ச் சொல். 1516 வாக்கிலேயே போர்ச்சுகீசியர் துவார்த்தே பார்போசா, ஜாவாக்காரர்களைப் பற்றி எழுதும்போது இதைக் குறித்திருக்கிறார். மலேசியாவில் வளர்ந்த தமிழருக்கு 'மெங்காமுக்' என்றால் விளக்கவே வேண்டாம். மனம் நொந்து ஒதுங்கிக் கிடந்த ஒருவன் திடீரென்று ஆயுதத்தோடு தெருவில் இறங்கி, எதிர்ப்பட்டவரையெல்லாம் வெட்டுவது. 1994-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டில் இதற்குத் தனிக் குறிப்பே இருந்தது. இந்திய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை யானைக்கு எழுதி வைத்துவிட்டார்கள். திருவிழாவில் மதம் பிடித்த யானை என்றால் அமோக் இல்லாமல் செய்தி வராது. ஃபிட்டரை யானையாக்க எனக்கு விருப்பமில்லை.

போஸ்டல், அமெரிக்கச் சொல். 1986 ஆகஸ்ட் 20 அன்று ஓக்லஹோமாவின் எட்மண்ட் ஊர் அஞ்சலகத்தில் ஓர் ஊழியர் சக ஊழியர்கள் 14 பேரைச் சுட்டுக் கொன்றார். அடுத்தடுத்து வேறு அஞ்சலகங்களிலும் இப்படி நடக்க, 1990-களில் வேலையிடத்தில் வெறியாட்டம் ஆடுவதற்கு 'கோ போஸ்டல்' என்று பெயர் வந்துவிட்டது. அஞ்சல் துறை நொந்துபோனது. அது நியமித்த ஆணையமே 2000-இல் ஆராய்ந்து, வேலையிடத்தில் கொல்லப்படும் ஆபத்து மற்ற தொழில்களைவிட அஞ்சல் ஊழியர்களுக்குக் குறைவு என்றது. சொல் காதில் வாங்கவில்லை. பதினான்கு பிணம் அடியில் கிடக்கிற இந்தச் சொல்லை, ஆபீசில் பிரிண்டர் ஓடாததற்குச் சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் என் முன்னால் நின்றது பழைய, சப்பையான, பள்ளிக்கூடத்துத் தொடர்: லாஸ்ட் ஹிஸ் டெம்பர். இதற்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒருவருக்கு டெம்பர் 'இருக்கிறது' என்றால் முன்கோபி. டெம்பரை 'இழந்தார்' என்றாலும் கோபப்பட்டார். இருந்தாலும் கோபம், இழந்தாலும் கோபம்! காரணம், அதன் பழைய பொருள் கோபம் கிடையாது. சரியான அளவில் கலப்பது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. இரும்பைக் காய்ச்சிப் பக்குவப்படுத்துவதற்கும் டெம்பர் என்றுதான் பெயர், மெஷின் ஷாப்பில் இன்றும் புழங்குகிற சொல். தமிழில் ஒரே சொல்லில் கேட்டால் 'பதம்' என்பேன். பாகுக்கும் பதம் உண்டு, இரும்புக்கும் உண்டு, மனுஷருக்கும் உண்டு. டெம்பரை இழப்பது பதம் தவறுவது. இருந்த நிதானம் போய்விட்டது, அவ்வளவுதான் அது சொல்கிறது. யார் வளைத்தார்கள், காம்பு தளர்ந்திருந்ததா, எத்தனை பேருக்கு அடி என்றெல்லாம் அது கதை கட்டாது. 'லூஸ் இட்' என்பது இதன் பேச்சுமொழித் தம்பி. அதில் புத்தியும் சேர்ந்து போனதாக ஒரு தொனி உண்டு, அதனால் அண்ணனே போதும்.

எந்த வினையும் இல்லாமல் 'கத்திவிட்டு டிபன் பாக்ஸைச் சுவரில் எறிந்தார்' என்று மட்டும் எழுதலாமா என்றும் யோசித்தேன். சுத்தமான வாக்கியம். ஆனால் மூன்று சாட்சிகளும் கோபம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கோபத்தை எடுத்துவிட்டால், நிதானமாக யோசித்து எறிந்தவர் மாதிரி ஆகிவிடுகிறது. அது அவருக்கு இன்னும் கெடுதல்.

ஆகவே சுருக்கத்தின் முதல் வரியில் டெம்பர் இழந்ததையும், ட்ரெய்னியைப் பார்த்துக் கத்தியதையும், டப்பாவைச் சுவரில் எறிந்ததையும் வைத்தேன். இரண்டாவது வரியில், ட்ரெய்னி பத்து நாளாக ஒரே கேள்வியைக் கேட்டுவந்ததாக ஒரு சாட்சி சொல்கிறார் என்று, சொல்கிறார் என்பதை விடாமல் எழுதினேன். 'கல்யாணச் சாப்பாடு' கேள்வியை முழுசாக மொழிபெயர்த்து, நிச்சயதார்த்தம் நின்ற விஷயத்தையும் சேர்த்தேன். அது இல்லாமல் அந்தக் கேள்வி வடக்கே இருப்பவருக்குப் புரியாது. எந்த வினைச்சொல் என்று ஒன்றரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட கதை அவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை.

நான்காம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. ஒரே ஒரு கேள்வி: டப்பா பட்ட இடத்திலிருந்து அந்த ட்ரெய்னி எவ்வளவு தூரத்தில் இருந்தார்?

மூன்று வாக்குமூலத்திலும் அது இல்லை. மறுநாள் சூப்பர்வைசரோடு கேன்டீனுக்குப் போனேன். அக்கா வந்து, பையன் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் காட்டினார். டைல்ஸ் இடுக்கில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. சூப்பர்வைசர் டேப்பின் ஒரு முனையைக் கறையில் வைத்துப் பிடித்துக்கொண்டார், நான் மறுமுனையைப் பெஞ்சுவரை இழுத்தேன். பதினோரு அடி, எதிர்ப்பக்கம்.